வெல்ஷும் சமூகவியலும் சேர்த்துப் படிக்க: சேர்க்கை முதல் ஆய்வேடு வரை ஒரு முழு வழிகாட்டி

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த ஊர் மொழியான வெல்ஷை 16 வயது வரை படித்தாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும் சரி, வங்காளம் பேசினாலும் சரி, பாடம் ஒன்றுதான். அதில் பலர் தேர்வு முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அந்த மொழி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டவர்களுக்கும், சமூகவியல் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெல்ஷ், சமூகவியல் இரண்டும் ஒரே பட்டத்தில் சும்மா ஒட்டவைத்த பாடங்கள் இல்லை. வெல்ஷ் பேசுபவர்கள் ஏன் குறைந்தார்கள், எங்கே கூடினார்கள், யார் பிள்ளையை வெல்ஷ் வழிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டாலே அது சமூகவியல் கேள்விதான். ஆனால் பல்கலைக்கழகத்தில் இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு கட்டடம், வேறு வேறு ஆசிரியர்கள். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வேலையை யாரும் உங்களுக்காகச் செய்துதர மாட்டார்கள். அதைத் தானாகச் செய்யாதவர்கள் மூன்று வருடம் படித்து இரண்டு அரைப் பட்டங்களோடு வெளியே வருகிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்த இணைப்பை எப்படிச் செய்வது என்பதுதான் என் கவலை.

படி 1: உங்கள் வெல்ஷ் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்

இதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். வெல்ஷ் வழிப் பள்ளியில் படித்து, ஏ லெவலில் (பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பு) வெல்ஷை முதல் மொழியாக எடுத்தவர்கள் ஒரு ரகம். ஆங்கில வழிப் பள்ளியில் படித்து, இரண்டாம் மொழியாக ஏ லெவல் வரை எடுத்தவர்கள் இன்னொரு ரகம். வெல்ஷ் துறைகள் இந்த இரண்டு ரகத்தையும் சேர்த்துக்கொள்ளும். முதல் வருடத்தில் இரண்டாம் மொழிக்காரர்களுக்கு மொழிப்பயிற்சி வகுப்பு கூடுதலாக இருக்கும், போகப்போக இருவரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். இரண்டாம் மொழிக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. இலக்கணத்தை விதியாகப் படித்து வந்தவர்கள் பல சமயம் வீட்டில் பேசி வளர்ந்தவர்களைவிடப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள்.

ஒரு எழுத்துகூடத் தெரியாது, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேராக வரப்போகிறேன் என்பவர்களுக்கு என் யோசனை வேறு. தொடக்க நிலை மாணவர்களைச் சேர்க்கிறார்களா என்று அந்தந்தத் துறையில் நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் சமூகவியல் பட்டத்தில் சேர்ந்து, மொழியைப் பக்கத்தில் கற்றுக்கொள்ளுங்கள். கார்டிஃப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு இலவச வெல்ஷ் வகுப்பு நடத்துகிறது. அந்த வழியில் வருபவர்களுக்கும் கீழே உள்ளதில் பாதி பொருந்தும்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தை

வழக்கமாகத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ஊரைப் பார்ப்பார்கள். இந்தப் படிப்புக்கு அது தலைகீழ். வகுப்புக்கு வெளியே எந்த மொழி காதில் விழுகிறது என்பதுதான் உங்கள் வெல்ஷைத் தீர்மானிக்கும். உங்கள் சமூகவியலுக்கான களமும் அதுவேதான்.

வடமேற்கில் பாங்கோர். 1884இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அது இருக்கும் குவினெத் மாவட்டத்தில் 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி 64.4 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுகிறார்கள். வேல்ஸிலேயே இதுதான் அதிகம். பாங்கோர் நகரத்தில் மாணவர் கூட்டத்தால் ஆங்கிலம் நிறையக் கேட்கும். பேருந்து ஏறி கைர்னார்வன் போனால் கறிக்கடை, முடிதிருத்தும் கடை, கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அலுவலகம் எல்லாம் வெல்ஷில்தான் ஓடும். குவினெத் கவுன்சிலின் உள்நிர்வாக மொழியே வெல்ஷ்தான்.

தெற்கில் கார்டிஃப். அங்கே வெல்ஷ் பேசுபவர்கள் 12 விழுக்காடு அளவுதான். அப்படியென்றால் அது மோசமான தேர்வா? இல்லை. 2011க்கும் 2021க்கும் இடையில் வேல்ஸ் முழுக்க எண்ணிக்கை சரிந்தபோது, கூடிய ஒருசில மாவட்டங்களில் கார்டிஃபும் ஒன்று. அரசு, ஊடகம், வெல்ஷ் வழிப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு புதிய நகர்ப்புற வெல்ஷை உருவாக்கியிருக்கின்றன. கிராமத்தில் குறைந்து நகரத்தில் கூடும் மொழி என்பது சமூகவியல் மாணவருக்குத் தங்கச் சுரங்கம்.

வெல்ஷ் துறையும் சமூகவியல் ஆசிரியர்களும் ஒருசேர இருப்பதால் கூட்டுப் பட்டத்துக்கு முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும். அபரிஸ்த்வித், ஸ்வான்சி இரண்டிலும் வெல்ஷ் துறை உண்டு. அபரிஸ்த்வித் 1872இல் தொடங்கியது, வெல்ஷ் இயக்கத்தோடு பின்னிப் பிணைந்த ஊர். எந்தக் கூட்டுப் பட்டம் எந்த வருடம் நடக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். போன வருடத்துக் கையேட்டை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

மாணவர்கள் பல்கலைக்கழகத்தைப் பார்வையிடும் திறந்த நாளுக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று: சமூகவியலில் எத்தனை மாட்யூல் (தனித்தனிப் பாடப்பிரிவு) வெல்ஷ் மொழியில் நடக்கிறது? இரண்டு: ஆய்வேட்டை இரண்டு துறை ஆசிரியர்களும் சேர்ந்து மேற்பார்வை செய்ய முடியுமா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் சொல்லும் துறையில் சேருங்கள். நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையெல்லாம் அப்புறம் தெரிந்துகொள்ளலாம்.

படி 3: விண்ணப்பம்

எல்லாம் பிரிட்டனின் பொதுச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வழியாகத்தான். அதிகபட்சம் ஐந்து இடங்களுக்குப் போடலாம். கடைசி நாள் ஜனவரியில் வரும், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி நீங்களே எழுதும் தன்விளக்கம் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரையாக இல்லை. மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள், ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. ஏன் இந்தப் பாடம், பள்ளிப் படிப்பு அதற்கு எப்படி உதவியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்விகளின் சாரம்.

தன்விளக்கத்தை வெல்ஷிலேயே எழுதலாம். ஐந்து இடமும் வேல்ஸிலேயே என்றால் தாராளமாக எழுதுங்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் பட்டியலில் இருந்தால் ஆங்கிலமே பத்திரம்.

"எனக்கு மொழி என்றால் உயிர்" என்று தொடங்கும் விளக்கம் நூற்றுக்கணக்கில் வரும். அதற்குப் பதிலாக உங்கள் கண்ணில் பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லி அதன்மேல் கேள்வி கேளுங்கள். உதாரணமாக, வகுப்பில் ஆசிரியரிடம் வெல்ஷ் பேசும் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்குப் போனதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஏன்? யார் முதலில் மாறுகிறார்கள்? ஒரே ஒருவன் ஆங்கிலம் மட்டும் பேசினால் பத்துப் பேரும் மாறுகிறார்களா? இந்த ஒரு பத்தியில் இரண்டு பாடமும் வந்துவிட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் வெல்ஷும் தெருவில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர்கள் அதையும் எழுதலாம். பெருமைக்காக எழுதாமல், யாரிடம் எப்போது எந்த மொழி பேசினீர்கள் என்ற கணக்கோடு எழுதினால் எடுபடும்.

படி 4: பணம்

வேல்ஸில் 2025-26க்கு உள்நாட்டு மாணவர் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. வேல்ஸில் நிரந்தரமாகக் குடியிருக்கும் தகுதியுள்ள மாணவர்களுக்கு கட்டணத்துக்குக் கடன் கிடைக்கும். வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் கடனும் கலந்து வரும். குடும்ப வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 பவுண்டு திருப்பிக் கட்டத் தேவையில்லாத தொகையாக வரும். இது வேல்ஸ் அரசின் ஏற்பாடு, இங்கிலாந்து மாணவர்களுக்கு இது இல்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணம் இதைவிட மிக அதிகம்.

இந்தப் படிப்புக்கே உரிய பணம் வேறு ஒன்று இருக்கிறது. 2011இல் தொடங்கிய கோலெக் கம்ராய்க் கெனெட்லைத்தோல் என்ற தேசிய வெல்ஷ் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி. தனிக் கட்டடம், தனி வகுப்பு எதுவும் கிடையாது. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வெல்ஷ் வழிப் பாடங்களை வளர்ப்பதுதான் அதன் வேலை. பட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை வெல்ஷில் படிப்பவர்களுக்கு ஒரு உதவித்தொகை, மூன்றில் இரண்டு பங்கு படிப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவித்தொகை என்று தருகிறது. எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்கள் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. பிரிட்டனில் படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள், ஒரு வருடப் படிப்பு 120 கிரெடிட். கூட்டுப் பட்டத்தில் 60 வெல்ஷுக்கு, 60 சமூகவியலுக்கு. வெல்ஷ் துறைப் பாடங்களே பாதியைத் தந்துவிடும். சமூகவியலில் ஒரு 20 கிரெடிட் மாட்யூலை வெல்ஷில் எடுத்தால் போதும், 80 ஆகி மூன்றில் இரண்டைத் தொட்டுவிடும். மாட்யூல் பட்டியலைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சேர்வதற்கு முன் வரும் கோடை

தேசிய வெல்ஷ் கற்றல் மையம் நடத்தும் வகுப்புகள் 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசம். இரண்டாம் மொழிக்காரர்கள் ஒரு தீவிர வகுப்பை முடித்துவிட்டு வந்தால் முதல் பருவம் மூச்சுத்திணறாது. வெல்ஷ் வானொலியான ரேடியோ கம்ரியை ஓடவிடுங்கள், வெல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி பாருங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் கலை இலக்கிய விழா ஒரு வருடம் வடக்கில், அடுத்த வருடம் தெற்கில் என்று மாறிமாறி வரும். அங்கே மேடையில் வெல்ஷ் மட்டும்தான். ஒரு நாள் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள்.

மொழியில் மாணவர்களை உண்மையில் படுத்தும் விஷயம் சொல்லின் முதலெழுத்து மாறுவது. நகரத்தின் பெயர் பாங்கோர். பாங்கோரில் என்று சொல்ல வேண்டுமானால் "அம் மாங்கோர்". பாங்கோருக்கு என்றால் "இ வாங்கோர்". ஒரே ஊர்தான், வாக்கியத்தில் முன்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து ப, ம ஆகிறது, வ ஆகிறது. அகராதியில் வாங்கோரைத் தேடினால் கிடைக்காது. ஆங்கிலக்காரப் பிள்ளைகள் இதைக் கண்டு அரண்டுபோவார்கள். பல் பொடி சேர்ந்தால் பற்பொடி என்று ஐந்தாம் வகுப்பிலேயே எழுதிப் பழகிய நமக்கு, சொற்கள் பக்கத்தில் வந்தால் ஒலி மாறும் என்பது ஒன்றும் புதிது இல்லை. விதிகள் வேறு, ஆனால் மனம் எதிர்க்காது.

இன்னொன்றும் நமக்குச் சாதகம். வெல்ஷிலும் எழுத்து நடை வேறு, பேச்சு வேறு. வினைமுற்றுகள் எழுத்தில் நீளமாக இருக்கும், பேச்சில் தேய்ந்துவிடும். வடக்குப் பேச்சும் தெற்குப் பேச்சும் வேறு. பாட்டி வடக்கில் நைன், தெற்கில் மாம்கி. எழுதும்போது எந்த நடை, எந்த அளவுக்கு என்பதை ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இலக்கியக் கட்டுரையில் எதிர்பார்க்கும் இறுக்கமான நடையைச் சமூகவியல் கட்டுரையில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

படி 6: முதல் வருடம்

முதல் வருட மதிப்பெண் பெரும்பாலும் இறுதிப் பட்டத்தில் சேராது, தேறினால் போதும். அதனால் இந்த வருடத்தைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்ஷ் பக்கம் மொழிப்பயிற்சி, மத்தியக் கால இலக்கியம், நவீன இலக்கியம். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தவித் அப் க்விலிம் வருவார். கங்ஹானெத் என்ற யாப்பு வரும். ஒரு வரியின் முதல் பாதியில் உள்ள மெய்யொலிகள் இரண்டாம் பாதியில் அதே வரிசையில் திரும்ப வர வேண்டும் என்பது அதன் ஒரு வகை. எதுகை மோனை தெரிந்தவர்களுக்கு இதன் அழகு சட்டென்று பிடிபடும், அசல் கவிதையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சமூகவியல் பக்கம் மார்க்ஸ், துர்க்கைம், வெபர், அப்புறம் வர்க்கம், பாலினம், இனம், ஆய்வு முறைகள். இதில் பெரும்பகுதி எங்கே படித்தாலும் ஒன்றுதான். அதனால் வேகமாகத் தாண்டுகிறேன். ஆய்வு முறைகள் மாட்யூலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வெல்ஷ் மாணவர்கள் பலர் புள்ளிவிவரம் என்றாலே ஓடுவார்கள். ஆனால் வெல்ஷைப் பற்றிய சண்டையெல்லாம் எண்களில்தான் நடக்கிறது.

ஒரு உதாரணம். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 5,38,300 பேர் வெல்ஷ் பேசுகிறார்கள், 17.8 விழுக்காடு. அதே காலத்தில் வீடுகளை மாதிரியாக எடுத்து நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பு 8 லட்சத்துக்கு மேல் என்கிறது. எது சரி? கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, யார் நிரப்பினார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். மக்கள்தொகைக் கணக்கில் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் நிரப்புகிறார்கள். 2021இல் பெரிய சரிவு 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம்தான். அது கொரோனா காலம், பள்ளிகள் மூடியிருந்த சமயம், வீட்டில் பிள்ளை வெல்ஷ் பேசுவதைப் பார்க்காத பெற்றோர் "பேசத் தெரியாது" என்று குறித்திருக்கலாம். அப்படியென்றால் 10 வருடம் முன்பு "தெரியும்" என்று குறித்தவர்கள் எந்த அளவுகோலை வைத்துக் குறித்தார்கள்? பேசத் தெரிவது என்றால் என்ன? பாட்டுப் பாடுவதா, சண்டை போடுவதா? இந்த ஒரே அட்டவணையை வைத்து ஒரு பருவம் முழுக்க செமினார் நடத்தலாம்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் சுவாரசியம். 1911இல் வெல்ஷ் பேசுபவர்கள் ஏறக்குறைய 9,77,000 பேர். எண்ணிக்கையில் அதுதான் உச்சம். ஆனால் அதே வருடம் விழுக்காடு 43.5க்கு இறங்கியிருந்தது. 1901இல் பாதிப் பேர் பேசினார்கள். எண் ஏறுகிறது, பங்கு இறங்குகிறது. காரணம் தெற்கின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வந்து குவிந்த கூட்டம். சுரங்கத் தொழில் வெல்ஷைக் கொன்றது என்பது பழைய வாதம். கார்டிஃபில் இருந்த பொருளியல் அறிஞர் பிரின்லி தாமஸ் அதைத் திருப்பிப் போட்டார். நிலம் இல்லாத கிராமத்து வெல்ஷ்காரர்கள் அயர்லாந்துக்காரர்களைப்போலக் கடல் கடந்து போகாமல் வேல்ஸுக்குள்ளேயே வேலை கிடைத்துத் தங்கியது அந்தச் சுரங்கங்களால்தான், எனவே மொழியைக் காத்ததே தொழில்தான் என்றார். இந்த விவாதத்தை முதல் வருடத்திலேயே பிடித்துக்கொண்டால் இரண்டு துறையும் உங்களுக்கு ஒரே துறையாகத் தெரியத் தொடங்கும்.

படி 7: சமூகவியலை எந்த மொழியில் எழுதுவது

இந்தப் படிப்பில் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவு இதுதான். வேல்ஸ் பல்கலைக்கழகங்களில் ஒரு மாட்யூல் ஆங்கிலத்தில் நடந்தாலும் கட்டுரையையும் தேர்வையும் வெல்ஷில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. வெல்ஷ் பேசும் தனி டியூட்டரையும் கேட்கலாம். பொது அமைப்புகள் வெல்ஷில் சேவை தர வேண்டும் என்று 2011 சட்டத்தின் கீழ் வந்த வெல்ஷ் மொழித் தரநிலைகள் 2018 முதல் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துகின்றன. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் ஆங்கிலம்தான் தானாக வரும்.

நான் சொல்வது: எழுதுங்கள். வசதிக்காகச் சொல்லவில்லை, உண்மையில் முதல் ஆறு மாதம் கஷ்டமாகவே இருக்கும். வாசிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும், எழுத்து வெல்ஷில் இருக்க வேண்டும். ஆங்கிலப் பத்தியை வரிவரியாக மாற்றி எழுதினால் உயிரில்லாத கட்டுரை வரும். வாசிக்கும்போதே குறிப்பை வெல்ஷில் எடுங்கள், பிறகு மூலத்தை மூடிவிட்டுக் குறிப்பிலிருந்து எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் கருத்துத் திருட்டுப் பிரச்சினையையும் சேர்த்துத் தீர்த்துவிடும்.

கலைச்சொல்லுக்குத் திண்டாட வேண்டாம். தேசியக் கலைச்சொல் தளம் இணையத்தில் இலவசம். பாங்கோரில் உருவான கிஸ்கிலியாட் மென்பொருளில் இலக்கணத் திருத்தியும் அகராதியும் இருக்கின்றன, தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் காசில்லை. முதலெழுத்து மாற்றத்தில் தவறினால் காட்டிக்கொடுக்கும். பெரிய வரலாற்று அகராதியான கைரியாதிர் ப்ரிவிஸ்கோல் கம்ரியும் இணையத்தில் இலவசமே. ஒரு கட்டுரையில் ஒரு கருத்துக்கு ஒரே சொல்லைக் கடைசி வரை பயன்படுத்துங்கள், அழகுக்காக மாற்றாதீர்கள்.

இரண்டு கட்டுரையின் கடைசி நாளும் ஒரே வெள்ளிக்கிழமை வரும். இரண்டு துறையும் ஒன்றையொன்று கலந்து பேசித் தேதி வைப்பதில்லை. பருவம் தொடங்கும் வாரமே இரண்டு அட்டவணையையும் ஒரே காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

படி 8: இரண்டாம் வருடம், மாட்யூல் தேர்வும் களமும்

இந்த வருடத்திலிருந்து மதிப்பெண் கணக்கில் வரும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று உரசும் மாட்யூல்களாக எடுங்கள். வெல்ஷ் பக்கம் சமூகமொழியியல், மொழிக் கொள்கை, மொழிபெயர்ப்பு. சமூகவியல் பக்கம் தேசியம், கல்வி, கிராமம், இடப்பெயர்வு.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் மொழிக் கொள்கை புரியாது. 1847இல் வெளியான அரசுக் கல்வி அறிக்கை, நீலப் புத்தகங்கள் என்று பெயர் பெற்றது, வெல்ஷ் மக்களின் பின்தங்கிய நிலைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்கள் மொழியையும் சமயப் பிரிவையும் காரணம் காட்டியது. அந்தக் காயம் இன்னும் பேசப்படுகிறது. 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய உரைக்குப் பிறகு வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. அடுத்த வருடம் அபரிஸ்த்வித்தின் ட்ரெவெகன் பாலத்தில் மறியல். 1965இல் லிவர்பூல் நகரத்துத் தண்ணீருக்காகக் கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் கிராமம் அணையில் மூழ்கியது. 1980இல் வெல்ஷ் தேசியக் கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ் வெல்ஷ் தொலைக்காட்சிக்காகச் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவிக்க, 1982இல் எஸ்4சி வந்தது. 1993இல் மொழிச் சட்டம். 2017இல் 2050க்குள் பத்து லட்சம் பேர் என்ற அரசு இலக்கு. போராட்டம், சட்டம், நிர்வாகம் என்று ஒரு இயக்கம் எப்படி அரசுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரிசை ஐரோப்பாவில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

வேல்ஸைப் பற்றிய சமூகவியலுக்கும் தனி மரபு உண்டு. ஆல்வின் ரீஸ் மாண்ட்காமரிஷயரில் ஒரு மலைக் கிராமத்தைக் களமாக எடுத்துச் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. பண்ணை, குடும்பம், சேப்பல் (சிறு தேவாலயம்) என்று ஒரு கிராமத்தை முழுசாகப் பார்த்த ஆய்வு. 1985இல் டெனிஸ் பால்சம் வேல்ஸை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: வெல்ஷ் பேசும் மேற்கு, வெல்ஷ் பேசாவிட்டாலும் வெல்ஷ்காரராக உணரும் சுரங்கப் பள்ளத்தாக்குகள், பிரிட்டிஷ் அடையாளம் மேலோங்கிய மற்ற பகுதிகள். இன்றைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதே நல்ல கட்டுரைத் தலைப்பு.

படி 9: ஆய்வேடு

மூன்றாம் வருடத்தின் கனமான வேலை இது, 40 கிரெடிட் வரை போகலாம். எந்தத் துறையில் எழுதினாலும் தலைப்பு இரண்டையும் தொட வேண்டும். "வெல்ஷ் மொழியின் எதிர்காலம்" போன்ற தலைப்பைக் கொண்டுபோனால் மேற்பார்வையாளர் பெருமூச்சு விடுவார். ஒரு ஊர், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள்.

லீன் தீபகற்பத்தில் அபெர்சோக் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அழகான இடம், வெளியூர்ப் பணக்காரர்களின் விடுமுறை வீடுகள் நிறைந்த ஊர். அங்கிருந்த சின்ன வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி பிள்ளைகள் இல்லாமல் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீடுகளுக்குக் கவுன்சில் வரியில் 300 விழுக்காடு வரை கூடுதலாகப் போட வேல்ஸ் அரசு அனுமதித்தது, குவினெத் 150 போட்டது. வீட்டு விலை, வரி, பள்ளி, மொழி நான்கும் ஒரே தெருவில் முட்டிக்கொள்கின்றன. அங்கே வளர்ந்து வீடு வாங்க முடியாமல் வெளியேறிய 25 வயதுக்காரர்கள் இப்போது எந்த மொழியில் வாழ்கிறார்கள் என்று கேட்டால் ஓர் ஆய்வேடு கையில் வந்துவிடும். கிராமம் வேண்டாம் என்றால், கார்டிஃபில் வீட்டில் வெல்ஷே இல்லாத பெற்றோர் பிள்ளையை வெல்ஷ் வழிப் பள்ளிக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். அதில் வேறு தாய்மொழி பேசும் குடும்பங்களைத் தனியாக எடுக்கலாம், தமிழ்க் குடும்பங்கள் உட்பட.

நேர்காணலுக்குப் போகுமுன் பல்கலைக்கழகத்தின் அறநெறி அனுமதி வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். நவம்பரிலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். தகவல் தாள், ஒப்புதல் படிவம் இரண்டும் இரண்டு மொழியிலும் இருக்கட்டும். முதல் மின்னஞ்சலை வெல்ஷில் அனுப்புங்கள். ஒருவரோடு ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கிவிட்டால் பிறகு வெல்ஷுக்கு மாறுவது இருவருக்குமே கூச்சம்.

வெல்ஷில் நம் நீ, நீங்கள் போலவே தி, கி என்று இரண்டு உண்டு. வயதானவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் மரியாதைச் சொல்லில்தான் தொடங்க வேண்டும். அவர்களாக "தி என்றே சொல்லு" என்றால் மாறிக்கொள்ளுங்கள்.

பதிவை எழுத்தாக்கும்போது பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் திருத்தாதீர்கள், எங்கே மாறுகிறார்கள் என்பதுதான் உங்கள் தரவு. "என் வெல்ஷ் அவ்வளவு நன்றாக இருக்காது" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒருவர் ஒரு மணி நேரம் வெல்ஷில் சரளமாகப் பேசுவார். வேல்ஸில் களப்பணி செய்யும் எல்லாருக்கும் இது நேரும். அந்த மன்னிப்பைக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதிவையுங்கள். பள்ளியிலும் சேப்பலிலும் யார் அவரிடம் அப்படிச் சொல்லிவைத்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

படி 10: வேலை

தரநிலைச் சட்டங்களால் கவுன்சில், சுகாதார வாரியம், காவல்துறை, பல்கலைக்கழகம் எல்லாம் வெல்ஷில் சேவை தந்தாக வேண்டும். வெல்ஷ் வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலமாக இருக்கிறது, அந்த ஆசிரியர் பயிற்சிக்குத் தனி ஊக்கத்தொகையும் உண்டு. மொழிபெயர்ப்பு, எஸ்4சி, பிபிசி, மொழி வளர்ச்சிக்கான உள்ளூர் அமைப்புகள், சமூகப்பணி என்று பட்டியல் நீளும். சமூகப்பணிக்கு மேற்படிப்பு தேவை. ஆனால் நினைவு மங்கிய முதியவர்கள் பலர் பின்னால் கற்ற ஆங்கிலத்தை இழந்து வெல்ஷுக்கே திரும்புகிறார்கள் என்பதால், அங்கே மொழி தெரிந்தவர் இருப்பது பராமரிப்பின் ஒரு பகுதியே.

கூட்டுப் பட்டத்துக்கென்றே ஒரு இடம் இருக்கிறது: கொள்கை ஆய்வு. வெல்ஷில் நேர்காணல் எடுத்து, எண்களைப் படித்து, இரண்டு மொழியிலும் அறிக்கை எழுதத் தெரிந்தவர்களை அரசும் கவுன்சில்களும் ஆய்வு நிறுவனங்களும் தேடுகின்றன. வெல்ஷ் மட்டும் படித்தவரிடம் ஆய்வு முறை இருக்காது, சமூகவியல் மட்டும் படித்தவரிடம் மொழி இருக்காது.

கல்லூரியில் இருக்கும்போதே தேசிய வெல்ஷ் கல்லூரியின் மொழித்திறன் சான்றிதழை எழுதிவிடுங்கள். வேலை தருபவருக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதுதான் சட்டென்று புரியும். விண்ணப்பத்தில் வெல்ஷ் திறன் பற்றிய கட்டத்தில் பேச, படிக்க, எழுத, கூட்டத்தில் குறிப்பெடுக்க என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதினீர்கள் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றித்தான் வரும்.